செல்லின் சாவுக்கு நோக்கம் உண்டா?

பார்க்கின்சன் நோயின் மையத்தில் இருப்பது ஒரு சிறு செல்கூட்டத்தின் அழிவு. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றொரு பகுதி உள்ளது. நியூரோமெலனின் என்ற நிறமி படிந்திருப்பதால் மூளையை அறுத்துப் பார்த்தால் அது வெறும் கண்ணுக்கே கருமையாகத் தெரியும். டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்கள் அங்கே சில லட்சம்தான் உள்ளன. மனித மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களோடு வைத்துப் பார்த்தால் இது மிகச் சிறிய கூட்டம். இதில் ஏறக்குறைய பாதி அழியும்போது கை நடுங்கத் தொடங்குகிறது, தசைகள் இறுகுகின்றன, அசைவு மந்தமாகிறது, முகத்தில் உணர்ச்சி தெரிவது குறைகிறது.

அந்தச் செல்கள் எப்படி இறக்கின்றன என்பது மருத்துவக் கேள்வி. அவற்றுள் சிலவாவது தம்மைத் தாமே முறையாகக் கலைத்துக்கொண்டு இறக்கின்றன என்ற கருத்து 1990-களில் வலுப்பெற்றபோது அது தத்துவக் கேள்வியாகவும் ஆயிற்று. தன்னை அழித்துக்கொள்ளும் கருவிகளை ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டை உயிரியல் ‘திட்டமிட்ட செல் இறப்பு’ என்கிறது. திட்டம் என்றால் அதற்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டாமா? இருந்தால் அது யாருடைய நோக்கம்? உடலின் நன்மைக்கென அமைந்த ஒன்று, ஒருவரின் நடையையும் பேச்சையும் பறிக்கும்போது தன் வேலையைச் செய்கிறதா, வேலையில் தவறுகிறதா?

இழப்பு அறியப்பட்ட விதம்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரின் நிலையை விவரித்து இந்த நோயைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை எழுதினார். பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஷார்க்கோ பின்னர் நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். நோயின் இருப்பிடம் தெரிய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. கான்ஸ்டன்டின் ட்ரெட்டியாகாஃப் 1919-இல் பாரிஸில் அளித்த ஆய்வேட்டில், சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் சிதைவை இந்நோயோடு இணைத்துக் காட்டினார். ஆர்விட் கார்ல்சன் 1950-களின் இறுதியில் டோபமைனின் பங்கை வெளிப்படுத்தினார். 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டனர். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் லெவோடோபா மருந்தை அதிக அளவில் வாய்வழியே கொடுத்துக் காட்டிய முன்னேற்றம் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

லெவோடோபா குறைந்த பொருளை ஈடுசெய்கிறது. செல்களின் அழிவை அது நிறுத்துவதில்லை. அதனால்தான், பொருள் ஏன் குறைகிறது என்ற கேள்வியைத் தாண்டி, செல் ஏன் சாகிறது என்ற கேள்விக்கு ஆய்வு நகர்ந்தது.

ஒழுங்காக நிகழும் சாவு

1964-இல் ரிச்சர்ட் லாக்‌ஷின் பட்டுப்பூச்சி உருமாறும்போது சில தசைகள் உரிய காலத்தில் மறைவதை ஆராய்ந்து, ‘திட்டமிட்ட செல் இறப்பு’ என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1972-இல் கெர், வைலி, கியூரி என்ற மூவர் அத்தகைய சாவின் உருவ அடையாளங்களைத் தொகுத்து அதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர். அடிபட்டோ இரத்த ஓட்டம் நின்றோ சாகும் செல் வீங்கி வெடிக்கிறது. உள்ளிருப்பவை கொட்டி அக்கம்பக்கத்தில் அழற்சி உண்டாகிறது. அப்போப்டோசிஸில் செல் சுருங்குகிறது, டிஎன்ஏ ஒழுங்கான துண்டுகளாக வெட்டப்படுகிறது, உடல் சிறு பொதிகளாகப் பிரிகிறது, பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. சுற்றுப்புறத்துக்குச் சேதம் பெரிதாக இல்லை.

சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு இதன் துல்லியத்தைக் காட்டியது. அதன் உடல் வளர்ச்சியில் 1,090 செல்கள் தோன்றுகின்றன, அவற்றில் 131 இறக்கின்றன, 959 எஞ்சுகின்றன. எந்தச் செல் எப்போது இறக்கும் என்பது ஒவ்வொரு புழுவிலும் ஒன்றே. இச்சாவை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிந்த பணிக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோர் 2002-இல் நோபல் பரிசு பெற்றனர். மனித உடலிலும் அந்த மரபணுக்களின் உறவினங்கள் உள்ளன. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி கசிந்தவுடன் காஸ்பேஸ் என்னும் நொதிகள் ஒன்றையொன்று தூண்டிச் செல்லை உள்ளிருந்து வெட்டுகின்றன.

கருவில் விரல்களுக்கு இடையிலான சவ்வு மறைவது இப்படித்தான். வளரும் நரம்பு மண்டலம் தேவைக்கு மிகுதியாகச் செல்களை உண்டாக்குகிறது. இலக்குத் திசுவிலிருந்து வளர்ச்சிக் காரணி கிடைத்தவை பிழைக்கின்றன, கிடைக்காதவை இறக்கின்றன. ஹாம்பர்கரும் ரீட்டா லெவி-மொன்டால்சினியும் தொடங்கிவைத்த இந்த ஆய்வை 1992-இல் மார்ட்டின் ராஃப் மேலும் விரித்தார். சமிக்ஞை ஏதும் கிடைக்காத செல் இறந்துபோவதுதான் இயல்பு, பிழைத்திருக்கத்தான் பிற செல்களின் ஒப்புதல் தேவை என்பது அவர் கருத்து. உயிர் இயல்பானது, சாவு வெளியிலிருந்து வருவது என்ற பொதுவான எண்ணத்தை இது தலைகீழாக்குகிறது.

அறிவில்லாததற்கு நோக்கம் இருக்க முடியுமா?

விரலுக்காகச் சவ்வு சாகிறது என்று சொல்லும்போது அந்த ‘ஆக’ எதைக் குறிக்கிறது? அரிஸ்டாட்டில் இயற்கைப் பொருள்களிலேயே பயன் நோக்கிய காரணம் உறைகிறது என்றார். 1790-இல் கான்ட், உயிருடலின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று நோக்கமாகவும் கருவியாகவும் அமைந்தவைபோல நாம் காண நேர்கிறது, ஆனால் அந்த நோக்கம் இயற்கையில் உண்மையிலேயே இருக்கிறது என்று நிறுவ முடியாது என்று எல்லை வகுத்தார்.

இந்தியத் தத்துவத்தில் இதே கேள்வி சாங்கியத்துக்கும் அதன் எதிர்ப்பாளர்களுக்கும் இடையே நடந்த வழக்கு. மூல இயற்கையான பிரகிருதி அறிவற்றது, ஆயினும் அது அறிவுள்ள ஆன்மாவான புருடனின் பொருட்டுச் செயல்படுகிறது என்று ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை வாதிடுகிறது. கன்றின் வளர்ச்சிக்காக அறிவற்ற பால் சுரப்பது அதற்குச் சான்று. பிரம்ம சூத்திர உரையில் சங்கரர் இதை மறுத்தார்: பாலுக்குப் பின்னால் கன்றின்மேல் அன்புள்ள பசு இருக்கிறது, அறிவற்றது எதுவும் அறிவுள்ள ஒன்றைச் சாராமல் பயன் நோக்கி இயங்காது. சைவ சித்தாந்தமும் அந்தப் பக்கமே நின்றது. மெய்கண்டாரின் சிவஞான போதமும் அதன் வழிநூல்களும், சடமான வினை தானாகச் சென்று உயிரைச் சேராது, கூட்டுவிக்க ஒருவன் வேண்டும் என்றன. பௌத்தம் மூன்றாவது வழியைக் கொண்டது: செய்பவன் என ஒருவன் இல்லை, ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுகிறது. மணிமேகலையின் இறுதிக் காதை விரித்துரைக்கும் பன்னிரு சார்புகள் அந்த வழியைச் சேர்ந்தவை.

டார்வினுக்குப் பிறகு சாங்கியத்தின் நிலைக்கு எதிர்பாராத ஆதரவு கிடைத்தது. காரணம் மட்டும் வேறு. பால் சுரந்த விலங்குகளின் குட்டிகள் பிழைத்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்று பால் சுரக்கின்றன. சுரப்பதன் விளைவே சுரப்பது நீடித்ததற்குக் காரணம். 1973-இல் மெய்யியலாளர் லாரி ரைட் இதைப் பொது வரையறையாக்கினார். ஓர் உறுப்பு செய்யும் பலவற்றுள் எதனால் அது இங்கே இருக்கிறதோ அதுவே அதன் பணி. இதயம் இரத்தத்தை உந்துகிறது, ஓசையும் எழுப்புகிறது. உந்துவது அதன் பணி, ஓசை உடன்விளைவு. உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் 1961-இல் வேறொரு பிரிவினையை வலியுறுத்தினார்: ஒன்று எப்படி இயங்குகிறது என்பதற்கான அண்மைக் காரணமும், அந்த இயக்கம் ஏன் உருவாகி நிலைத்தது என்பதற்கான தொலைக் காரணமும் தனித்தனியே விடை காண வேண்டியவை.

இந்த அளவுகோல்படி, செல் இறப்பின் நோக்கம் எந்த மனத்திலும் இல்லை. அது கடந்த கால வரலாற்றில் இருக்கிறது. மிகுதியான செல்லையும், நச்சுயிரி புகுந்த செல்லையும், புற்றாக மாறக்கூடிய செல்லையும் நீக்கிய உடல்கள் பிழைத்ததால் அந்தக் கருவி நமக்கு வந்து சேர்ந்தது.

மூளையில் கிடைத்த சான்றுகள்

பார்க்கின்சன் நோயில் அந்தக் கருவிதான் இயங்குகிறதா என்பது எளிதில் முடிந்த விவாதம் அல்ல. 1990-களில் இறந்த நோயாளிகளின் மூளையில் டிஎன்ஏ துண்டுபட்ட செல்களைச் சில குழுக்கள் கண்டன. வேறு சில குழுக்களுக்கு அவை அகப்படவில்லை. ஒரு கணக்கு இதை விளக்கும். 4 லட்சம் செல்களில் பாதி 20 ஆண்டுகளில் அழிவதாகக் கொண்டால் நாளுக்கு முப்பதுக்கும் குறைவான செல்களே இறக்கும். அப்போப்டோசிஸில் நுழைந்த செல் குறுகிய காலத்தில் விழுங்கப்பட்டுவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட கணத்தில் எடுத்த திசுத் துண்டில் அதைக் காண்பது அரிது. காணப்பட்டாலும், துண்டுபட்ட டிஎன்ஏவைக் காட்டும் சாயம் அப்போப்டோசிஸுக்கு மட்டும் உரியதா என்ற ஐயம் தொடர்ந்தது.

தொடக்கத்தில் என்ன நிகழ்கிறது என்பது இதைவிடத் தெளிவாகத் தெரிய வந்தது. 1982-இல் கலிஃபோர்னியாவில், கள்ளச்சந்தையில் தயாரான போலி ஹெராயினைப் பயன்படுத்திய இளைஞர்கள் சிலர் திடீரென்று உடல் இறுகி முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல ஆயினர். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற பொருளே காரணம் என்று வில்லியம் லாங்ஸ்டனின் குழு கண்டது. மூளையில் அது நச்சாக மாறி, டோபமைன் செல்லும் வாயில் வழியாகவே செல்லுக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் நொதித் தொகுதியை முடக்குகிறது. வழக்கமான பார்க்கின்சன் நோயாளிகளின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலும் அதே தொகுதி குன்றியிருப்பது 1989-இல் தெரிந்தது. 1997-இல் இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் ஆல்ஃபா-சைனூக்ளின் மரபணுவின் பிறழ்வு கண்டறியப்பட்டது. நோயாளிகளின் செல்களுக்குள் காணப்படும் லூயி உருண்டைகள் அதே புரதத்தால் ஆனவை என்பதும் அவ்வாண்டிலேயே வெளிப்பட்டது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அகற்றும் பார்க்கின், பிங்க்1 ஆகிய மரபணுக்களின் குறைபாடு இளவயது நோய்க்குக் காரணமாகிறது.

சாவின் வகையும் ஒன்று மட்டுமல்ல. இரும்பும் கொழுப்பின் ஆக்சிஜனேற்றமும் சார்ந்த ஃபெரோப்டோசிஸ் 2012-இல் பெயர் பெற்றது. திரண்ட ஆல்ஃபா-சைனூக்ளின், பார்ப்-1 என்ற நொதியைத் தூண்டி பார்தனாடோஸ் எனும் சாவுக்கு வழிவகுப்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே செல் பல வழிகளின் சந்திப்பில் நிற்கிறது. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி திறந்திருக்கிறது.

பணியா, பிழையா?

முதுமையில் வரும் நோய் என்பது இங்கே முக்கியம். பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் 60 வயதை ஒட்டித் தொடங்குகிறது. மக்கட்பேறு முடிந்த பிறகு வரும் கேடுகளின்மேல் இயற்கைத் தேர்வின் பிடி தளர்ந்துவிடும் என்பதை பீட்டர் மெடாவர் 1952-இல் விளக்கினார். இளமையில் உதவும் மரபணு முதுமையில் கெடுதல் செய்தாலும் நிலைத்துவிடும் என்று ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957-இல் சேர்த்தார். கருவில் மூளையைச் செதுக்கிய கருவி அறுபது ஆண்டு கழித்து அதே மூளையில் இயங்கினால், அந்தப் பிந்திய இயக்கத்துக்குத் தனி நோக்கம் தேட வேண்டியதில்லை. ரைட்டின் சொற்களில் அது உந்துதல் அல்ல, ஓசை.

இன்னொரு காரணமும் உண்டு. நாள்தோறும் உடலில் ஆயிரக்கணக்கான கோடி செல்கள் இறந்தும் உடல் நிலைப்பது, பெரும்பாலான திசுக்களில் புதிய செல் இடத்தை நிரப்புவதால்தான். பழுதான ஒன்றை நீக்குவது நன்மையாவது மாற்று இருக்கும்போது மட்டுமே. டோபமைன் செல்களுக்கு மாற்று இல்லை. மேலும், அவற்றின் பணிச்சுமையும் பெரிது: ஒவ்வொரு செல்லின் கிளைத்த இழையும் மனிதரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைப் பேணுவதாக மதிப்பிடப்படுகிறது, தானாகவே இடைவிடாமல் துடிப்பதால் கால்சியத்தை வெளியேற்ற ஓயாமல் ஆற்றல் செலவாகிறது.

எனவே செல்லின் மட்டத்தில் பிழையில்லாமல் முடிந்த வேலை, மூளையின் மட்டத்தில் நோயாகிறது. நோய் என்பது இனத்துக்கு இயல்பான செயல்பாட்டின் குறைவு என்ற கிறிஸ்டஃபர் பூர்ஸின் வரையறை எந்த மட்டத்தில் பொருந்தும் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். நோய் முதுமையின் விரைவான வடிவமே என்று சொல்லி இந்தச் சிக்கலைத் தவிர்க்கவும் இடமில்லை. 1991-இல் லண்டனில் ஃபியர்ன்லியும் லீஸும் செய்த ஆய்வில், இயல்பான முதுமையில் இச்செல்கள் பத்தாண்டுக்கு 4.7 சதவீதம் குறைந்தன. ஆனால் முதுமையில் அதிகம் குறையும் பகுதியும் நோயில் அதிகம் குறையும் பகுதியும் வெவ்வேறாக இருந்தன.

சாவைத் தடுத்த மருந்துகள்

தத்துவப் பிரிவினை நடைமுறையில் எவ்வளவு கனமானது என்பதை இரண்டு மருந்துச் சோதனைகள் காட்டின. அப்போப்டோசிஸுக்கு இட்டுச்செல்லும் சமிக்ஞைத் தொடரை அறுக்க உருவான சிஇபி-1347 என்ற மருந்து, தொடக்க நிலை நோயாளிகள் 806 பேரிடம் சோதிக்கப்பட்டது. பலன் இல்லாததால் 2005-இல் சோதனை நிறுத்தப்பட்டது. வேறு புள்ளியில் அதே சாவைத் தடுக்க முயன்ற டிசிஎச்346, 301 பேரிடம் சோதிக்கப்பட்டு, 2006-இல் வெளியான முடிவின்படி அதுவும் தோற்றது. விலங்குகளிலும் ஆய்வகத் தட்டுகளிலும் இரண்டுமே செல்களைக் காப்பாற்றியவை.

தோல்விக்கு மருந்தளவு, நோயாளியின் நிலை, விலங்கு மாதிரியின் குறை எனப் பல விளக்கங்கள் தரப்பட்டன. அவற்றுள் ஒன்று கருத்தளவிலும் முக்கியமானது. செல்லின் உடல் மடிவதற்கு முன்பே அதன் இழைமுனைகள் அழிந்துவிடுகின்றன. நோய் கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகளுக்குள், இந்த இழைகள் சென்று சேரும் புடாமென் பகுதியின் டோபமைன் இழைகள் ஏறத்தாழ மறைந்துவிடுவதை 2013-இல் வெளியான மூளைத் திசு ஆய்வு காட்டியது. எலிகளில் அப்போப்டோசிஸ் சமிக்ஞையை நீக்கினால் செல்லுடல் தப்புகிறது, இழை தப்புவதில்லை. தொடர்பு அறுந்து, டோபமைனைக் கொடுக்க வேண்டிய இடத்துக்குக் கொடுக்க முடியாத செல், உயிரோடு இருந்தும் நோயாளிக்குப் பயன்படுவதில்லை.

சாகும் முறையும் சாவின் காரணமும் ஒன்றல்ல என்பதே இதன் பொருள். காஸ்பேஸ் வெட்டுவது முறை. மைட்டோகாண்ட்ரியாவின் சோர்வும் புரதத்தின் திரட்சியும் காரணத்தின் பக்கம் உள்ளவை. கடைசிப் படியை மட்டும் தடுத்தால், சாக வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட செல் அந்த நிலையிலேயே நீடிக்கும். செல்லின் சாவு ஒரு கணத்து நிகழ்ச்சி என்று கருதினால் அந்தக் கணத்தைத் தடுப்பது சிகிச்சையாகத் தோன்றும். பல்லாண்டுச் சரிவின் முடிவு என்று கொண்டால் சிகிச்சையின் இடம் முன்னே நகரும். பின்வந்த ஆய்வுகள் ஆல்ஃபா-சைனூக்ளினையும் மைட்டோகாண்ட்ரியா பராமரிப்பையும் இலக்காகக் கொண்டது இந்த நகர்வின் விளைவு.

விதி, தற்கொலை, தண்டனை

அறிவியல் எழுத்து இந்தச் சாவைத் தற்கொலை என்றும், செல்லின் விதி என்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறது. தற்கொலைக்குத் தான் என்ற உணர்வும் தேர்வும் வேண்டும். செல்லுக்கு இரண்டும் இல்லை. விதி என்ற சொல்லும் பொருந்தாது. புழுவின் 131 செல்களுக்கு நாள் குறிக்கப்பட்டிருப்பது உண்மை. டோபமைன் செல்களுக்கு அப்படி எதுவும் குறிக்கப்படவில்லை. அவற்றுக்குள் இருப்பது கருவி மட்டுமே. அதைத் தூண்டுவது நிலைமை. நோயாளிகளின் மூளையில் பொருத்தப்பட்ட கருத்திசுவின் இளம் செல்களிலும் பத்தாண்டுக்குப் பிறகு லூயி உருண்டைகள் தோன்றியிருந்ததாக 2008-இல் தெரிய வந்தது. செல்லின் சொந்த வயதைவிட அது இருந்த சூழலே அங்கு பேசியது. ஒற்றை மரபணுவின் பிறழ்வால் நோய் வருவது சிறுபான்மை நோயாளிகளிடமே. எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் பிறழ்வு உள்ளவர்களிலும் பலருக்கு நோய் வருவதே இல்லை. பாராகுவாட் போன்ற பூச்சி, களைக்கொல்லிகளோடு உள்ள தொடர்பு மனிதச் செயலின் பங்கையும் சுட்டுகிறது.

‘எனக்கு ஏன் இந்த நோய்?’ என்ற கேள்வி இவற்றிலிருந்து வேறுபட்டது. அது பொருளைத் தேடும் கேள்வி. வினைக்கொள்கை, இறைவனின் அருள், சார்பில் தோற்றம் ஆகியவை அதற்குத் தத்தம் விடைகளைச் சொல்கின்றன. அழித்தலும் இளைத்த உயிருக்கு ஓய்வு தரும் அருளே என்பது சைவ சித்தாந்தத்தின் விடை. ஆனால் அங்கே பேசப்படுவது உலகின் ஒடுக்கமும் உயிரின் இளைப்பும். அதை டோபமைன் செல்லின் மடிவுக்கு அப்படியே மாற்றிச் சொல்ல முடியாது. செல் உயிரியல் அந்த விடைகளை நிறுவவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ‘திட்டமிட்ட’ என்ற அடைமொழியைக் காட்டி, நோய் முன்பே எழுதப்பட்டது என்றோ தண்டனை என்றோ வாதிட வருபவருக்கு மட்டும் அது தெளிவான பதில் வைத்திருக்கிறது. அந்த அடைமொழி கருவியின் வரலாற்றைச் சொல்கிறது. நோயாளியின் வரலாற்றைப் பற்றி அதில் எதுவும் இல்லை. செல் இறப்புக் கருவிக்கு நோக்கம் உண்டு, பார்க்கின்சன் நோயில் அது இயங்குவதற்கு நோக்கம் இல்லை, காரணங்கள் மட்டுமே உண்டு. அந்தக் காரணங்கள் தடுக்கத்தக்கவை என்பதுதான் மருத்துவ ஆய்வு தொடர்வதற்கான அடிப்படை.